ஒரு நாழித் தவிடும் என் மகனும்

1

என் மகனை நான் விலைக்கு வாங்கி இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. இங்கே ரங்கூனில் இப்படிச் சொன்னால் போலீசைக் கூப்பிடுவார்கள். திருநெல்வேலியில் இதைப் படிக்கிற உங்களுக்கு அவ்வளவு ஆச்சரியம் இருக்காது. உங்களில் எத்தனையோ பேர் தவிட்டுக்குப் போனவர்கள்தாம். பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

இந்த விசேஷ நாளில் என் மகன் என்ன செய்தான் தெரியுமா? காலையில் குளிக்க மாட்டேன் என்றான். தலையில் எண்ணெய் வைக்கப் போன அம்மாவின் கையைத் தட்டிவிட்டான். கிண்ணம் உருண்டு, நான் மில்லுக்குப் போட்டுக்கொண்டு போக எடுத்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டின் மேல் கவிழ்ந்தது. நான் அதட்டினேன். "மாட்டேன்னா மாட்டேன், போங்க!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டான். நானும் என் மனைவி செண்பகமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல். அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை கத்தினால் சிரிக்கிற குடும்பம் என்று எங்களைப் பற்றி அவருக்கு ஏற்கனவே ஓர் அபிப்பிராயம் உண்டு.

அக்கரையில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும், ஊரிலேயே இருந்து வளர்க்கிறவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் பெரிய அறிவாளி என்று நினைத்து எழுதவில்லை. இந்த விஷயத்தில் நான் எத்தனை மடத்தனம் செய்தேன் என்பது எனக்குத்தான் சரியாகத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

2

என் மகன் பிச்சையாவுக்கு முன்னால் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவதாக இவன் பிறந்ததும், எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் கூடி, பிள்ளையை விற்றுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததை, பிள்ளை தங்குகிற வீட்டுக்காரி ஒருத்திக்குத் தவிட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அன்றிலிருந்து பிள்ளை அவளுடையது. பெற்றவள் வெறும் வளர்ப்புக்காரி. எமன் தேடி வந்தால், "இந்த வீட்டுக்காரர்களுக்குப் பிள்ளையே இல்லையே" என்று ஏமாந்து திரும்பிப் போய்விடுவான். எமனும் எங்கள் மில் குமாஸ்தாக்களைப் போல ரிஜிஸ்தரைப் பார்த்துத்தான் வேலை செய்வான், நிமிர்ந்து ஆளைப் பார்க்க மாட்டான் என்பது நம் ஊர்ப் பெண்களின் நம்பிக்கை.

வாங்க வந்தவள் மேலப்பாளையத்து மைதீன் பீவி. புருஷன் தறியில் நெய்கிற சேலைகளையும் துண்டுகளையும் மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி எங்கள் தெருவுக்கு விற்க வருவாள். பதினொரு பிள்ளை பெற்றவள். பதினொன்றும் கல்லுக்குண்டு. அவள் ஒரு நாழித் தவிட்டை அளந்து செண்பகத்தின் மடியில் கொட்டினாள், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் ஒரு நடை போய் வந்தாள், திரும்பச் செண்பகத்தின் கையில் கொடுத்தாள்.

"இது என் பிள்ளை தாயி. ஒங்கிட்ட வளரக் குடுக்கேன். பத்திரமா வளத்துக் குடு," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, அடிக்கக் கிடிக்கக் கூடாது. இது ஊரான் வீட்டுப் பிள்ளை, பாத்துக்கிடுங்க," என்று எச்சரிக்கையும் செய்தாள்.

அந்தத் தவிட்டை அன்று சாயங்காலமே எங்கள் பசுமாடு தின்றுவிட்டது. தவிட்டுக்குப் போன பிள்ளைக்கு வைக்கிற பெயர்தான், பிச்சையா என்று வைத்தோம். பீவி துணி விற்க வரும்போதெல்லாம், "எங்க என் பிள்ளை?" என்று தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போவாள். அவனுக்கு மூன்று வயது நடக்கும்போது எனக்கு ரங்கூனில் வேலை கிடைத்துக் கப்பல் ஏறினோம்.

3

எனக்கு ஆற்றோரத்தில் உள்ள ஓர் அரிசி மில்லில் குமாஸ்தா வேலை. ரங்கூனில் இப்படி எத்தனையோ மில்கள். நெல் படகில் வரும், அரிசி கப்பலில் போகும், உமியும் தவிடும் எங்கள் மூக்குக்குள் போகும். வந்து ஐந்து வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட பர்மா பாஷை மூன்று சொல்: வா, போ, குறைத்துச் சொல். பிச்சையாவோ தெருப் பிள்ளைகளோடு பர்மா பாஷையிலும் இந்துஸ்தானியிலும் சண்டை போடுவான். வீட்டுக்கு வந்துதான் திருநெல்வேலித் தமிழில் சண்டை போடுவான். அப்படி ஒரு வாயாடி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. காந்திமதி என்று பெயர். இவளை யாருக்கும் விற்கவில்லை. புது ஊரில் பதினொரு பிள்ளை பெற்றவளைத் தேடிக்கொண்டு போக எனக்கு நேரம் இல்லை. மில் வேலை அப்படி. ஆனாலும் அவள் கொழுகொழு என்று நன்றாகவே வளர்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொக்கலிங்க அண்ணாச்சி சாப்பிட வந்தார். நம் ஊர்க்காரர்; இங்கே மரக்கடை வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் கேலி. இலையில் உட்கார்ந்து தேங்காய்ப்பால் சொதியை உறிஞ்சிக்கொண்டே, குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த பிச்சையாவைப் பார்த்தார்.

"ஏலே, ஒந் தங்கச்சிதான் இவங்க பெத்த பிள்ளை. நீ யாரு தெரியுமால? மேலப்பாளையத்துப் பீவி மகன்லா! ஒரு நாழித் தவிட்டுக்குப் போன சரக்குல நீ!"

எல்லாரும் சிரித்தோம். அண்ணாச்சி கதை முழுவதையும் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கும் அன்று நாக்கில் சனி. "பீவி வந்து கேட்டான்னா குடுத்திர வேண்டியதுதான். நமக்கு என்ன உரிமை இருக்கு?" என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு கரண்டி சொதி கேட்டேன். பிச்சையாவும் சிரித்தான். அவன் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாளிலிருந்து என் மகன் பத்தரை மாற்றுத் தங்கம் ஆகிவிட்டான்.

படுத்த பாயை அவனே சுருட்டி வைத்தான். மூன்றாவது தோசை போடப்போனால், "போதும்" என்று இலைக்குக் குறுக்கே கையை வைத்து மறைத்தான். நாற்காலியில் உட்காரும்முன், "இங்கன இருக்கட்டுமா?" என்று கேட்டான். காந்திமதியின் கிலுகிலுப்பையைத் தொடுவதில்லை. என்ன சொன்னாலும் "சரி". மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவர மில் கூலியாள் ஒருவன் இருந்தான். அவன் வேண்டாம், நானே கொண்டுபோகிறேன் என்று பிச்சையா தூக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தினமும் மில்லுக்கு வந்தான். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, காலிச் சட்டியை வாங்கிக்கொண்டு போனான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளை வளர்ப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மில் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மற்ற குமாஸ்தாக்கள் யோசனை கேட்டார்கள். கண்டிப்பு, ஒழுங்கு, தகப்பனின் நடத்தை என்று மூன்று தலைப்பில் அவர்களுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். நடத்தை என்ற தலைப்பில் என்னையே உதாரணமாகக் காட்டினேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

4

கண்டுபிடித்தவள் செண்பகம்தான்.

"இங்க பாருங்க, பிச்சையாவுக்கு என்னமோ சரியில்ல," என்றாள்.

"என்ன குறை? எவ்வளவு அடக்கமா இருக்கான்!"

"அதைத்தான் சொல்லுதேன். அவன் எங்கூடச் சண்ட போட்டு ஒரு மாசமாச்சு. தெரியுமா ஒங்களுக்கு? நேத்து கீழ விழுந்து முட்டி பேந்துட்டு. அழவே இல்ல. 'ஒண்ணும் இல்லம்மா, ஒங்களுக்கு ஏன் சிரமம்'ங்கான். எட்டு வயசுப் பிள்ளை பேசுத பேச்சா இது? பிள்ளை ஏங்கிப் போயிருக்கான்."

ஏக்கம், பயந்த கோளாறு என்பதெல்லாம் பொம்பளைப் பேச்சு என்று நான் தள்ளிவிட்டேன். வயிற்றில் பூச்சியாக இருக்கும் என்று பூச்சி மருந்து வாங்கி வந்தேன். வாயில் வைக்க முடியாத கசப்பு. முன்பெல்லாம் அவனுக்கு மருந்து கொடுக்க மூன்று பேர் வேண்டும்: கையைப் பிடிக்க ஒருவர், காலைப் பிடிக்க ஒருவர், மூக்கைப் பிடிக்க ஒருவர். இந்தத் தடவை அவனே வாங்கிக் குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்தான். செண்பகம் அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாள். மருந்து நல்ல மருந்து என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் குடிக்கணக்கு எடுக்க சர்க்கார் ஆள் ஒருவர் வந்தார். நான் மில்லில். செண்பகம் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டு இருந்தாள். பிச்சையாதான் பதில் சொல்லியிருக்கிறான். பிறகு சீட்டை வாங்கிப் பார்த்தால், வீட்டில் கணவன், மனைவி, மகள் ஒன்று, விருந்தாளி ஒன்று என்று எழுதியிருக்கிறது. விருந்தாளியின் ஊர் மேலப்பாளையம்!

அதைத் திருத்த நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. அந்த ஆபீசுக்குப் போனால் இந்த ஆபீஸ் என்றார்கள், இந்த ஆபீசுக்குப் போனால் மனு எழுது என்றார்கள். மனு கொடுத்தால், "இந்தப் பையன் உம்முடைய மகன்தான் என்பதற்கு அத்தாட்சி என்ன?" என்று ஒரு ஆபீசர் கேட்டார். நான் பையனைப் பக்கத்தில் நிறுத்தி, எங்கள் இருவருடைய மூக்கையும் காட்டினேன். மூக்கு அத்தாட்சியில் சேராது என்று சொல்லிவிட்டார். ஊரிலிருந்து கடிதம் தருவித்துக் கொடுத்த பிறகுதான் மகன் ஆனான்.

சீட்டைப் பார்த்த அன்றைக்கே, "என்னலே விளையாட்டு இது?" என்று சத்தம் போட்டேன். அவன் கைகட்டி நின்று, "தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சுக்கிடுங்க," என்றான். என்ன மரியாதை என்று அப்போதும் எனக்கு உள்ளூர ஒரு பெருமை. என் மூளை எப்படி வேலை செய்தது பாருங்கள்.

5

பிறகு வீட்டில் வண்டு பறக்க ஆரம்பித்தது. சோற்றில் வண்டு, தண்ணீர்ப் பானையில் வண்டு, காந்திமதியின் காதுக்குள் ஒரு வண்டு. எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போனால், பிச்சையாவின் தகரப் பெட்டியில் போய் நின்றது. திறந்தேன். சட்டைகளைக் காணோம். பெட்டி நிறையத் தவிடு.

அவனைக் கூப்பிட்டேன். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். மில்லில் கீழே சிந்திக் கூட்டி ஒதுக்கியது, கூட்டுகிறவனிடம் கேட்டுத்தான் எடுத்தேன், உங்கள் சாப்பாட்டுச் சட்டியில் போட்டுத் தினமும் கொஞ்சம் கொண்டுவந்தேன் என்றான். எதற்கு, கன்றுக்குட்டி எதுவும் வளர்க்கிறாயா, வாத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"இல்ல. பீவிக்கு."

"பீவிக்கு எதுக்குலே?"

"என்னைய வாங்கதுக்கு." தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "சின்னப் பிள்ளைல ஒரு நாழி. இப்ப வளந்துட்டேன்லா. கூடக் கேப்பாங்க. அதான் நெறய சேத்தேன். நீங்க வாங்கணும்னு இல்ல. நானே குடுத்து வாங்கிட்டா, பொறவு எனக்கு இஷ்டப்பட்ட வீட்டுல இருக்கலாம்லா? இங்கயே இருந்துக்கிடுதேனே."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடக்கிக்கொண்டு, சட்டம் பேசினேன். மகாராணி காலத்திலேயே மனுஷனை மனுஷன் விற்பதை ஒழித்துவிட்டார்கள், ஆகவே அந்தக் கிரயம் செல்லாது, பத்திரமும் கிடையாது, சாட்சிக் கையெழுத்தும் கிடையாது என்று எடுத்துச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செல்லாதுன்னா பீவிக்குத் தவிட்ட ஏன் திருப்பிக் குடுக்கல?" என்றான்.

மாடு தின்றுவிட்டது என்று எப்படிச் சொல்வேன்?

செண்பகம் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் கட்டையாக நின்றான். அடுத்த வீட்டு மாமி கட்டிக்கொண்டால் பிள்ளைகள் எப்படி நிற்குமோ அப்படி நின்றான். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சொதி, என் கேலி, மூன்றாவது தோசைக்குக் குறுக்கே வைத்த கை, கழுவி வைத்த மருந்துக் கிண்ணம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எங்கே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, இரண்டு மாசமாக என் மகன் என் வீட்டிலேயே நல்ல பேர் எடுக்கப் பார்த்திருக்கிறான். நான் அதற்குப் பிரசங்கம் செய்துகொண்டு திரிந்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஊருக்குப் போய் முறையாக வாங்கிவிடலாம் என்றேன். செண்பகத்தின் தம்பி கல்யாணத்துக்கு எப்படியும் போக வேண்டியிருந்தது. ஆனால் அவள் முகம் வெளுத்துவிட்டது. பையன் இல்லாத சமயம் பார்த்து என்னிடம் வந்தாள்.

"வாங்க வேண்டாம். அவன் பீவி பிள்ளையா இருக்கக் கொண்டுதான் தங்கியிருக்கான். ரெண்டைத் தூக்கிக் குடுத்தவ நான். நம்ம பேருக்கு மாத்தி, பொறவு ஒண்ணு ஆச்சுன்னா?"

"பீவிகிட்டயே கேப்போம்," என்றேன்.

6

தவிட்டைப் பிச்சையா யாரிடமும் கொடுக்கவில்லை. புடைத்து, வண்டு பொறுக்கி, ஒரு தலையணை உறையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டான். பிளேக் பயத்தினால் அப்போது கப்பலில் ஏறுகிற ஒவ்வொருவரையும் மூட்டையையும் சோதிப்பார்கள். தவிடு இருக்கும் இடத்தில் எலி வரும், எலி வந்தால் பிளேக் வரும் என்று சோதனைக்காரர் உறையைப் பிடித்துக்கொண்டார்.

"இது எதற்கு?"

"மாட்டுத் தீவனம்," என்றேன்.

"மாடு எங்கே?"

நான் மாட்டைத் தேடுகிறவன் போலச் சுற்றிலும் பார்த்தேன். பிச்சையா இந்துஸ்தானியில் விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டான், தன் விலை உட்பட. அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தமது தாளில் எந்தக் கட்டத்தில் இதை எழுதுவது என்று வெகுநேரம் தேடி, கடைசியில் 'குடும்பச் சாமான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சென்னையில் இறங்கி ரயிலில் திருநெல்வேலி வந்து சேர்ந்தோம். கல்யாணம் முடிந்த மறுநாள், குறுக்குத்துறையில் ஆற்றில் இறங்கிக் கடந்தோம். முழங்கால் அளவுதான் தண்ணீர். பிச்சையா உறையைத் தலையில் வைத்துக்கொண்டு, பாசிக் கல்லில் வழுக்கி ஒரு முறை உட்கார்ந்தே விட்டான். உறையின் ஒரு மூலை நனைந்துபோனது. அவனுக்குப் பயம் வந்துவிட்டது, தரம் குறைந்துபோச்சே என்று.

மேலப்பாளையத்தில் தெருவெல்லாம் தறிச் சத்தம். பீவி வாசலில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களை உட்காரவைத்து, விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டு, பையனைப் பார்த்தாள்.

"நான் பெத்தது பதினொண்ணு. ஒங்க பக்கத்துத் தெருவுகள்ள வாங்கினது ஒம்பது. இதுல நீ எதுலே?"

பிச்சையா வாயைப் பிளந்துவிட்டான். இரண்டு மாசமாக யாரிடம் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தானோ, அவளுக்கு அவனை அடையாளமே தெரியவில்லை! அவள் அவன் காதை மடக்கிப் பின்னால் பார்த்தாள். "ஆங், மச்சக்காரன்! கப்பலேறிப் போனவன்லா நீ? பேரு தெரியாட்டா என்ன ராசா, ஒம்பதுக்கும் சேத்துத்தான் தெனமும் துவா கேக்கேன்."

செண்பகம் தன் பயத்தைச் சொன்னாள். பீவி சிரிக்கவில்லை. பையனைப் பக்கத்தில் இழுத்து, தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொன்னாள். சந்தையில் ஆட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி விரலை விட்டுப் பார்த்தாள்.

"பாலு பல்லு விழுந்து, முன்னால நாலும் கெட்டியா மொளச்சாச்சு. இனிமே இவன் ஒம் பிள்ளை தாயி. இனிமேயும் எம் பேருல இருந்தாத்தான் தப்பு. வளத்துக் குடுன்னு சொன்னேன். வளத்துட்ட. அல்லா காப்பாத்துவான், தைரியமா வாங்கிக்க." உள்ளே போய் நாழியை எடுத்து வந்தாள். "விக்கும்போ நீதான வித்த? வாங்கும்போதும் நீதான் அளக்கணும்."

செண்பகம் நாழியில் தவிட்டை அள்ளினாள். அள்ளும்போதே பாதி கீழே சிந்தியது. பிச்சையா குனிந்து ஒவ்வொரு சிட்டிகையாகப் பொறுக்கி நாழியில் போட்டான். செண்பகம் தலை தட்டி, பீவியின் மடியில் கொட்டினாள். பீவி அவனைத் தூக்க முடியாமல் தூக்கி இடுப்பில் வைத்து, தறிக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, தெருக்கோடி வரைக்கும் மூச்சு வாங்க ஒரு நடை போய் வந்தாள். எட்டு வயசுப் பையனின் கால் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. கொண்டுவந்து செண்பகத்தின் கையில் பிடித்துக் கொடுத்தாள்.

பிச்சையா அம்மாவைப் பார்த்தான்.

"எனக்கு முறுக்கு வேணும்," என்றான்.

"வீட்டுக்குப் போயி..."

"இப்பவே வேணும்!" தரையில் விழுந்து காலை உதைத்து ஓ என்று அழுதான். இரண்டு மாசத்து அழுகை அது. செண்பகமும் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுகொண்டே, "ஏலே சனியனே, எந்திரி," என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் திருப்பி அவள் கையைக் கடித்தான். எனக்கு அந்த இடத்திலேயே மைதீன் பீவி காலில் விழ வேண்டும் போல இருந்தது.

முறுக்கு வந்தது. தின்று முடித்த பிறகு, பிச்சையா உறையைத் தூக்கிப் பார்த்தான். பீவி ஒரு நாழிதான் எடுத்துக்கொண்டாள், வாங்கின விலைக்கு மேல் விற்க மாட்டாளாம். மிச்சம் நிறைய இருந்தது.

"இதை வச்சு அப்பாவ வாங்கலாமா?" என்று பீவியிடம் கேட்டான்.

"ஒங்கப்பாவ யாருகிட்டலே வித்திருக்கு?"

"மில் துரைகிட்ட. காலைல போனா நான் ஒறங்கின பொறவுதான் வாராரு. ஞாயித்துக்கிழமையும் ஆள் விட்டுக் கூட்டிட்டுப் போறாங்க. அவரு துரை சரக்குல்லா?"

பீவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

7

மிச்சத் தவிடு திரும்பக் கப்பல் ஏறியது. ரங்கூனில் இறங்கிய இரண்டாம் நாள், தூக்குச் சட்டியோடும் தவிட்டு உறையோடும் வந்த பிச்சையா என்னைத் தாண்டிக்கொண்டு நேரே துரையின் அறைக்குள் போய்விட்டான். நான் பின்னால் ஓடினேன். உறை துரையின் மேஜைமேல் இருந்தது.

எங்கள் துரை சிரிக்கிறவர் அல்ல. என்ன இது என்று என்னைக் கேட்டார். அவருக்கும் தமிழ் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று எத்தனையோ பேரம் மொழிபெயர்த்திருக்கிறேன். என்னையே விலை கேட்கிற பேச்சை மொழிபெயர்த்தது அன்றுதான். ஒரு சொல் விடாமல் சொன்னேன். 'நான் ஒறங்கின பொறவுதான் வாராரு' என்பதையும் சொன்னேன்.

துரை உறைக்குள் கையை விட்டார். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், முகர்ந்தார், ஊதினார். மில்லில் தினமும் செய்கிற காரியம் அது. தவிடு அவருடைய மில் தவிடுதான் என்பது அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"வண்டு விழுந்திருக்கிறது. தண்ணீர் பட்டிருக்கிறது. மூன்றாம் தரம்," என்றார். "மூன்றாம் தரத்துக்கு முழுக் குமாஸ்தா கிடைக்க மாட்டான் என்று சொல்."

சொன்னேன். பிச்சையா யோசித்தான். "அப்ப எவ்வளவு கிடைப்பாரு?"

துரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐந்து மணிக்கு மேல் உள்ள பாகத்தைத் தரலாம். ஞாயிற்றுக்கிழமைப் பாகத்தையும் சேர்த்து."

"நாலு மணிக்கு மேலன்னு கேளுங்கப்பா."

கேட்டேன். துரை முடியாது என்று தலையை ஆட்டினார். பிச்சையா இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று ஒத்துக்கொண்டான். துரை உறையை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அன்று சாயங்காலம் நான் ஒரு பெரிய சரக்குக் கணக்கு ஜாபிதாவின் நடுவில் இருந்தேன். துரை விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் நினைத்திருந்தேன். ஆபீஸ் வாசலில் பிச்சையா வந்து நின்றான்.

"அப்பா, மணி அஞ்சாச்சு. எந்திரிங்க."

"இந்த ஒரு பக்கத்தை மட்டும்..." என்றேன்.

உள்ளேயிருந்து துரையின் குரல் வந்தது. விற்ற சரக்கை அவர் தம்முடைய ஆபீசில் வைத்துக்கொள்வதில்லையாம். பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். மற்ற குமாஸ்தாக்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கோட்டைப் போடும் வரைக்கும் அவன் பொறுக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

அந்தத் தெருவைப் பகல் வெளிச்சத்தில் நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் கொஞ்சம் பின்தங்கிவிட்டேன்.

"ஏன் இவ்வளவு பைய வாரிய?" என்று என் மகன் என்னை அதட்டினான். "வெரசா நடங்க. நான் வாங்கினது ராத்திரி வரைக்கும்தான்."

நான் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.